இரண்டு விரற்கடைக் குற்றம்

எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய ஹோண்டா சிட்டி வாங்கினான். மறுமாசமே ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினான். 40 மில்லிமீட்டர். நம் கணக்கில் இரண்டு விரற்கடை. புதுச்சேரி மூலக்குளத்தில் தாழ்த்திய காரா என்று தெருவே சிரித்தது. அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பணம் அவருடையது.

பையன் முட்டாள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் தாழ்த்தினான். கம்பெனி கொடுத்தபோது தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி ஏறக்குறைய 165 மில்லிமீட்டர். இப்போது 125. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலை காங்கிரஸ் (பதறாதீர்கள், கட்சி இல்லை; 1934 முதல் ரோட்டுக்கு விதி எழுதும் அமைப்பு) அளவு சொல்லியிருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். விதிப்படி போட்ட வேகத்தடையை அவன் கார் உரசாமல் தாண்டிவிடும். பாவம், விதிப்படி போடுவார்கள் என்று நம்பிவிட்டான்.

எங்கள் வேகத்தடை மீந்துபோன ஜல்லியில் ஒரே ராத்திரியில் முளைத்தது. அகலம் ஒரு முழம். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. அதிலிருந்து தப்பிக்க இடப்பக்கம் ஒடித்தால் பள்ளம். ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். 14 சென்டிமீட்டர். அதில் யாரோ ஒரு புண்ணியவான் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். நம் ஊர்ப் போக்குவரத்துப் பொறியியல் அவ்வளவுதான்.

முதல் மழையில் கொம்பு சாய்ந்தது. பள்ளத்தில் தண்ணீர். பையனுக்குப் பள்ளம் தெரியவில்லை. டமால். ஆயில் பேன் பிளந்து, கறுப்புக் கோடு ஒன்று டீக்கடைவரை வந்தது.

“எட்டாயிரம் ஆகும் தம்பி” என்றார் மெக்கானிக்.

“ஒரு லோடு ஜல்லி இதைவிடச் சீப்புண்ணே” என்றான் பையன்.

அடுத்த வாரம் சோதனையில் மாட்டினான். வண்டியைத் தாழ்த்தியது குற்றமாம். குற்றம்தான், மறுக்கவில்லை. கம்பெனி செய்த வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ பிரிவு இருக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை ஜெயில், அல்லது இரண்டும்.

பக்கத்தைப் புரட்டுங்கள். 198ஏ. ரோட்டைத் தரமாகப் போடாத, பராமரிக்காத அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம்வரை அபராதம். அடடா என்று கைதட்டாதீர்கள். யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது ஊனமாகியிருக்க வேண்டும். ஆயில் பேன் செத்தால் கணக்கில் வராது. ஜெயில் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. இரண்டு விரற்கடை இறக்கியவனுக்குக் கம்பி. ரோட்டையே ஒரு சாண் இறக்கியவருக்குப் பில் பாஸாகும்.

கவுன்சிலரிடம் சொல்லலாமே என்பீர்கள். எந்தக் கவுன்சிலர்? புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருஷம். அன்று ஜெயித்தவர்களின் பதவி 2011-ல் முடிந்தது. பிறகு பத்தாண்டு தாண்டியும் தேர்தல் இல்லை. இடைவெளியைக் குறைத்தவன் மேல் வழக்கு. இடைவெளியை வளர்த்தவர்களுக்கு மாலை. மூலக்குளம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. பெயரில் உழவர் இருக்கிறார் என்பதற்காக ரோட்டையா உழுவது?

எங்கள் ரோட்டின் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். இங்கே வாகன வரி குறைவு. கேரளத்து நடிகர்களும் பணக்காரர்களும் சொகுசுக் கார்களைப் போலி முகவரியில் இங்கே பதிவு செய்து அங்கே ஓட்டினார்கள் என்று 2017-ல் பெரிய ரகளை, வழக்கு. பிஒய் 01 என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, புதுச்சேரி மண்ணை மிதிக்காமலே வாழ்ந்த கார்கள். வரி ஏய்ப்பு என்றார்கள். எனக்கென்னவோ, உரிமையாளர்கள் ஒருமுறை மூலக்குளம் வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

தாழ்ந்தது பையனின் கார் மட்டுமில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு ஏறி வீடு இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு மூன்று படி இருந்தது. இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். 2024 நவம்பர் 30-ல் கரையேறிய ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்தது. வீட்டைத் தாழ்த்தினால் எந்தப் பிரிவு? வக்கீல் நண்பரைக் கேட்டேன். காபி சாப்பிடுகிறாயா என்றார்.

பையன் அபராதம் கட்டினான். பழைய ஸ்பிரிங்கையே மாட்டினான். வண்டி இப்போது சட்டப்படி 165. பள்ளமும் சும்மா இல்லை, 14 சென்டிமீட்டரிலிருந்து 17 ஆகிவிட்டது. முருங்கைக் கொம்பைத் திரும்ப நிமிர்த்தி நட்டோம். வேர் பிடித்துத் துளிர்விட்டிருக்கிறது. காய்க்கட்டும். அரசு நிலத்தில் காய்த்த காயை ஏலம் விடவாவது ஒரு அதிகாரி நேரில் வருவார்.