மருமவனே, பெட்டியை எங்கன ஒளிச்சு வச்சிருக்க?

வா மருமவனே, வா. செம்பூர்ல பதினாலாவது மாடியில இருந்து தாராவிக்கு இறங்கி வந்திருக்க. கக்கத்துல லேப்டாப்பு, மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது. அத்தையைப் பாக்க வந்தேன்னு மட்டும் புளுகாத. எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் போன தடவையே சின்னவகிட்ட நைசா கேட்டு வாங்கிட்டன்னு எனக்குத் தெரியும். லிஃப்டு, நீச்சல் குளம், வாசல்ல சல்யூட் அடிக்க ஆளு, எல்லாம் இருக்கு உங்க சொசைட்டியில. நெட்டுக்கு மட்டும் மாமன் வீட்டு ஏணி ஏறணும். ஏறு, ஏறு. மூணாவது படி ஆடும், பாத்து.

உன் வீட்டு நெட்டு செத்துப் போச்சுன்னு என் மக போன்ல சொன்னா. நீ என்னென்ன பண்ணுனன்னும் சொன்னா. கஸ்டமர் கேர் பொண்ணைப் போட்டு ஏசியிருக்க. பாவம், அவ எந்த ஊர்ல உக்காந்திருக்காளோ. பெறவு விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தியிருக்க. இப்போ லேமிங்டன் ரோட்டுக்குப் போயி பத்தாயிரம் ரூவாய்க்கு எட்டுக் கொம்பு முளைச்ச ரூட்டரு வாங்கப் போறியாம். இம்புட்டும் பண்ணுன ஆளு, வீட்டுல இருக்க வைஃபை பெட்டியில என்ன லைட்டு எரியுதுன்னு பாத்தியா? பாக்கலை. கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மேனேசரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

எனக்கு என்னடே தெரியும்னு நெனைக்காத. தோல் பட்டறைச் சோலி படுத்த பெறவு கேபிள்காரனுக்கு ஏணி புடிச்ச கை இது. தொண்ணூறு அடி ரோட்டுல ஆரம்பிச்சு கும்பார்வாடா மூலை வரைக்கும் எந்தச் சந்துல எந்த ஒயரு தொங்குதுன்னு கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன். ஒயரு அறுந்தா மூணே காரணம்: எலி, முனிசிபாலிட்டி தோண்டுன குழி, கணபதி ஊர்வலம். உயரமான புள்ளையாரு வாரப்போ ரெண்டு பையனுவ மூங்கில் கம்பை வச்சு ஒயரைத் தூக்கிப் புடிப்பானுவ. தூக்குனா சரி. இழுத்தான்னா அந்தத் தெருவுக்கே நெட்டு கிடையாது.

சரி, விசயத்துக்கு வா. "கோடு முழுசாத் தெரியுது மாமா, ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது"ன்னு சொன்னியே, அதுலதான் நீ ஏமாந்த. அந்தக் கோடு என்ன காட்டுதுங்க? உன் லேப்டாப்பு உன் வீட்டுப் பெட்டியைத் தொட்டுருச்சு, அம்புட்டுதான். சயான் ஸ்டேசன் பிளாட்பாரத்துல போயி நின்னுட்ட. ரயிலு ஓடுதா, ஞாயித்துக்கிழமை மெகா பிளாக்கான்னு பிளாட்பாரம் சொல்லுமா? லேப்டாப்புல இருந்து பெட்டிக்கு ஒரு வழி, பெட்டியில இருந்து வெளிய இன்னொரு வழி. எந்த வழியில நிக்குதுன்னு பாக்காம நீ ஊரையே தோண்டுத.

பாக்கது பெரிய வித்தை இல்லை. போனையும் லேப்டாப்பையும் பக்கத்துல பக்கத்துல வையி. போன்ல மொபைல் டேட்டாவை அமத்திட்டு அதே வைஃபையைப் புடி. நீ டேட்டாவை அமத்தாமப் பாத்துட்டு "போன்ல வருதே"ன்னு சொல்லுவ, அதான் முதல்லயே சொல்லுதேன். போன்ல வருது, லேப்டாப்புல வரலைன்னா கோளாறு உன் மடியில இருக்கு. ரெண்டுலயும் வரலைன்னா பெட்டிகிட்ட போ. செவப்பு லைட்டு எரியுதா? கேபிள்காரன் அதை லாஸ்னுவான். பைபர்ல வெளிச்சம் வந்து சேரலைன்னு அர்த்தம். அதுக்கு மேல லேப்டாப்பைத் தொடாத. ஒயரு எங்கயோ முறிஞ்சிருக்கு, இல்லைன்னா உன் வீட்டு வேலைக்கார அம்மா துடைக்கும்போது அதை மடிச்சு வச்சிருப்பா. அது உள்ளுக்குள்ள கண்ணாடி இழை டே, மடிச்சா ஒடிஞ்சிரும். கூப்பிட வேண்டியது கேபிள்காரனை. ஏச வேண்டியது யாரையும் இல்லை.

லைட்டு பச்சை, போன்ல வருது, லேப்டாப்பு மட்டும் முறைக்குதுன்னா, போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதுல மாட்டிப் பாரு. அதுலயும் வரலைன்னா லேப்டாப்புக்கு வைத்தியம். அதுல வந்துச்சுன்னா உன் லேப்டாப்புக்கும் வீட்டுப் பெட்டிக்கும்தான் சண்டை. அந்த வைஃபை பேரை மறக்கச் சொல்லிட்டு, பாஸ்வேர்டைப் புதுசா அடி. உன் மவன் பாஸ்வேர்டை மாத்தி வச்சுட்டு அப்பன்கிட்ட சொல்லாம இருப்பான், உன்னை மாதிரியே வளந்திருக்கான். பெறவு ஐபி நம்பர் என்னன்னு பாரு. 192.168-னு ஆரம்பிச்சா பெரும்பாலும் நல்லது, பெட்டி உனக்கு ஒரு விலாசம் குடுத்திருக்கு. 169.254-னு ஆரம்பிச்சா, கேட்டுக் கேட்டுப் பாத்து யாரும் குடுக்காததால லேப்டாப்பு தனக்குத் தானே ஒரு விலாசம் எழுதிக்கிச்சுன்னு அர்த்தம். அந்த விலாசத்தை வச்சுக்கிட்டு அடுத்த தெருவுக்குக்கூடப் போக முடியாது. பெட்டியை அமத்தி, அரை நிமிசம் விட்டுப் போடு.

கொஞ்ச நேரம் சும்மா வச்சா நெட்டு போயிருதுன்னா, கரண்டு மிச்சம் புடிக்கேன்னு விண்டோஸே வைஃபை கார்டைத் தூங்கப் போடும். டிவைஸ் மேனேசர்ல பவர் பக்கத்துல ஒரு டிக்கு இருக்கும், அதை எடு. எல்லா சைட்டும் "பாதுகாப்பு இல்லை"ன்னு பயமுறுத்துதா, மூலையில தேதியைப் பாரு. தேதி தப்பா ஓடுனா எந்த சைட்டும் உன்னை நம்பாது. ஆபீசு விபிஎன்னைப் போட்டுட்டு வீட்டு நெட்டைக் குத்தம் சொல்லுத கூத்தும் உண்டு, அது உனக்கே தெரியும்.

இப்போ பெட்டிக்கு வாரேன். உன் மாடியில அது எங்கன இருக்குன்னு போன தீபாவளிக்கே பாத்தேன், நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறக்க வேண்டாம்னு இருந்துட்டேன். வாசல் பக்கம் செருப்பு அலமாரி. அதுக்குள்ள பெட்டி. அலமாரிக் கதவுல ஆளுயரக் கண்ணாடி. அதைத் தாண்டி மீன் தொட்டி. அதையும் தாண்டி பெட்ரூம் சுவரை ஒட்டி எங்க அக்கா குடுத்த கோத்ரேஜ் பீரோ. பீரோவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து நீ மீட்டிங் போடுத. கண்ணாடி முதுகுல பூசுனது உலோகம், அது அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணி அலையைக் குடிச்சிரும். இரும்பு பீரோ மிச்சத்தைத் தடுத்துரும். இதுக்கு மேல கம்பி கட்டுன காங்கிரீட்டுச் சுவரு வேற. அம்புட்டையும் தாண்டி ஒரு துளி வருதுன்னா பெட்டிக்குக் கையெடுத்துக் கும்புடணும், நீ கம்பெனிக்காரனை ஏசுத.

எங்க வீட்டைப் பாரு. பத்துக்குப் பத்து. நடுவுல பிளைவுட்டு தட்டி. பெட்டி ஆணியில தொங்குது, பக்கத்துல முருகன் படம். மறைக்க எங்களுக்கு இடமும் இல்லை, டெக்கரேசனும் இல்லை. அதான் சிக்னலு சிரிச்சுக்கிட்டு வருது.

எங்களுக்கும் பாடு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. 2020-ல எல்லாப் பள்ளிக்கூடமும் வீட்டுக்குள்ள வந்துச்சே, அப்போ இந்தச் சந்துல வீட்டுக்கு வீடு பெட்டி முளைச்சுச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல நம்ம நாட்டுல சேனல் 13. பேருக்குத்தான் பதிமூணு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடம், ஒரு பெட்டி பேசணும்னா 20 வேணும். அதனால ஒண்ணையொண்ணு இடிக்காம இருக்க வழக்கமா வைக்கது 1, 6, 11 மூணும்தான். ரெண்டு பெட்டி ஒரே சேனல்ல இருந்தாக்கூட ஒருத்தன் பேசி முடிக்கட்டும்னு அடுத்தவன் காத்திருப்பான். எல்லாரும் ஆறுல இருக்காவ, நான் கெட்டிக்காரன்னு எவனாவது நாலுல போயி உக்காந்தான்னா, அவனுக்கும் கேக்காது, அடுத்தவனுக்கும் கேக்காது, வெறும் இரைச்சல். எதுத்த வீட்டுப் பயகிட்ட இதைச் சொல்லி ஒத்துக்க வைக்க, குழாயடியில வரிசை போட்டதைவிடப் பெரிய பஞ்சாயத்து ஆச்சு. உன் அடுப்பங்கரை மைக்ரோவேவும் இதே 2.4 பக்கம்தான் கொதிக்குது. நீ மீட்டிங் போடும்போது என் மக சாம்பார் சூடாக்குனா படம் உறையிறது அதனாலதான். அதுக்காக சாம்பாரை நிறுத்தச் சொல்லாத. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்து. நம்ம ஊர்ல அதுக்கு 2018-ல தாராளமா இடம் விட்டிருக்காவ. வேகமா ஓடும், ஆனா சுவரைத் தாண்டச் சோம்பேறி. அதுல ஒரு சூட்சுமம்: சில சேனல்ல ரேடாருக்குத்தான் முதல் மரியாதை. ரேடார் சத்தம் கேட்டா பெட்டி உடனே எந்திரிச்சு வேற சேனலுக்குப் போயிரணும். திடீர்னு எல்லாம் அறுந்து, ஒரு நிமிசம் கழிச்சுத் தானா வருதுன்னா 36-ல இருந்து 48-க்குள்ள ஒரு சேனலா வச்சிரு.

இனி சொல்லப் போறதைக் கேட்டு முறைக்காத. பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பல்பட்டு, விருந்தாளிக்குன்னு ஒரு வைஃபையைப் பூட்டே போடாமத் திறந்து விட்டிருக்க. நீ அப்போ காலேசுல பிகரு பாத்துக்கிட்டுத் திரிஞ்ச, உனக்கு ஞாபகம் இருக்காது. 2008 ஜூலை 26, அகமதாபாத்ல வரிசையா குண்டு வெடிச்ச அன்னைக்கு ஒரு மிரட்டல் மெயில் போச்சு. எங்க இருந்து போச்சுன்னு தடம் புடிச்சுக்கிட்டே வந்த போலீசு, நவி மும்பை சான்பாடாவுல ஒரு அமெரிக்கக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுச்சு. அவரு வைஃபை திறந்து கிடந்திருக்கு, எவனோ புகுந்து அனுப்பிட்டுப் போயிட்டான். அடுத்த மெயில் ஆகஸ்ட் 23, நம்ம மாட்டுங்கா கால்சா காலேசு வைஃபை வழியா. செப்டம்பர் 13-ல டெல்லி குண்டுவெடிப்பு. அதுக்கான மெயிலு போனது எங்கன தெரியுமா? உங்க செம்பூர்ல ஒரு கம்பெனி வைஃபையில. தப்புப் பண்ணாதவன் வாசல்ல போலீசு ஜீப்பு. 2009 ஜனவரியில போலீஸ்காரங்களே லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எந்தக் கட்டடத்துல வைஃபை பூட்டாமக் கிடக்குன்னு தேடிக் கிளம்பிட்டாவ.

அதனால பூட்டு. டபிள்யூபிஏ2, இல்லைன்னா 3. பழைய பெட்டியில டபிள்யூஈபின்னு ஒண்ணு கிடந்தா அது பூட்டே இல்லை, 2001-லயே உடைக்க வழி கண்டுபுடிச்சுட்டாவ. பெட்டிக்குள்ள நுழையிற பாஸ்வேர்டு இன்னும் "அட்மின், அட்மின்"னுதான் இருக்கும், அதையும் மாத்து. பெட்டியோட அடியில ஒட்டியிருக்க விலாசத்தைப் பிரவுசர்ல அடிச்சு, யாரு யாரு தொத்திக்கிட்டு இருக்கான்னு பாரு. உன் வீட்டுல நாலு பேரு. பட்டியல்ல இருபது பேரு இருந்தா, ராத்திரி ஒன்பது மணிக்கு உன் நெட்டு ஏன் நொண்டுதுன்னு விளங்கிரும். கீழ் மாடி குப்தா வீட்டு டிவி கூட அதுலதான் ஓடுதோ என்னமோ. கண்டா சண்டைக்குப் போகாத. பாஸ்வேர்டை மாத்திட்டுச் சும்மா இரு, சாயங்காலம் அவனே வந்து "நெட்டு வருதா ஜி?"ன்னு கேப்பான்.

காப்பியைக் குடி, ஆறுது. சோலி முடிஞ்சா கிளம்பு, ரூட்டரு வாங்கப் போவாத. பெட்டியை அலமாரியில இருந்து எடுத்து, ஹாலு நடுவுல நெஞ்சு உயரத்துல, நாலு பேரு கண்ணு படுற மாதிரி மாட்டு. பைபரை மடிக்காம, ஆள் வரவச்சு நீளக் கூட்டு. அலமாரியும் கண்ணாடியும் மீன் தொட்டியும் என் மக பாத்துப் பாத்து அடுக்குனது. அந்தப் பெட்டி அசிங்கமா இருக்குன்னு உள்ள தள்ளுனதும் அவதான். அதை வெளிய எடுக்கணும்னு அவகிட்ட எப்படிச் சொல்லப் போறன்னு எனக்குத் தெரியாது மருமவனே. மாமா சொன்னாருன்னு மட்டும் சொல்லிராத.