இஞ்சிக்குக் கொம்பு முளைத்த கதை

கேள்வி: ஆங்கில ‘ஜிஞ்சர்’ நம் இஞ்சியா? ‘கொம்பு உடல்’ என்ற பொருளுள்ள வடமொழிச் ‘சிருங்கவேர’த்திலிருந்து வந்தது என்கிறார்களே?

பதில்: இஞ்சிதான், வேரோடு போயிருக்கிறது! பிற்கால லத்தீனில் ‘ஜிஞ்சிபெர்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, பாலியில் ‘சிங்கிவேர’ என்று பின்னோக்கிப் போனால் எல்லாவற்றின் வாலிலும் நம் ‘வேர்’ ஒட்டியிருக்கிறது. கழுவாத இஞ்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இடுக்கெல்லாம் மண்ணோடு மான்கொம்பு போலக் கிளைத்திருக்கும். காதில் விழுந்த அயற்சொல்லுக்குக் கொம்பு வைக்க அந்த உருவமே போதும். அப்படியானால் முதலில் ‘சி’ ஏது என்பீர்கள். சிப்பிக்கு இப்பி என்றும் தமிழில் பெயருண்டே! தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதல் சகரம் உதிர்வது பழைய வழக்கம். அது உதிருமுன்பே இந்தச் சொல் வடக்கே கிளம்பிவிட்டது.