வானின் புகைமொழி

கேள்வி: கடுகண்ணாவை ஏற்றத்தில் என் டீசல் வான் கரும்புகை தள்ளுகிறது. விடியலில் ஸ்டார்ட் ஆகவும் மறுக்கிறது. இன்ஜின் போய்விட்டதா?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: ஏற்றத்திலேயே போகாத இன்ஜின் வேறு எங்கே போய்விடும்? கரும்புகை என்றால் டீசல் மிகுதி, காற்றுக் குறைவு. முதலில் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்; பிறகு இன்ஜெக்டர், டர்போ குழாய். நீலப்புகை வந்தால் கவலை: பிஸ்டன் ரிங்கோ டர்போ சீலோ தேய்ந்து, இன்ஜின் ஒயில் குடிக்கிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

விடியற்காலைப் பிடிவாதத்துக்குக் கண்டிக் குளிரைத் திட்டாதீர்கள். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே பற்றவேண்டும். குளோ பிளக் செத்திருந்தாலோ, டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருந்தாலோ வண்டி எழும்பாது.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்து காசு மிச்சம் பிடித்ததுண்டா? எரிபொருள் பம்புக்கு மசகு தருவது டீசல்தான். மண்ணெண்ணெய் பம்பைத் தேய்த்துவிடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியதில் அந்த மிச்சமும் ஆவியானது. பலருக்கு மிஞ்சியது பம்ப் திருத்திய பில் மட்டும்!