கரித்துணியான மஞ்சச் சட்டை

ஏலே, இங்க வா. அடுப்படியில சோத்துப்பானைய இறக்க உங்க ஆச்சி கரித்துணி தேடுனா. கைக்குச் சிக்குனது மஞ்சத் துணி. விரிச்சுப் பாத்தா முதுகுல 10ஆம் நம்பர்! கோயில் கொடைக்கு எடுத்த புதுச்சட்டைய மூலையில போட்டுட்டு இதை மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நீ. குளிக்கப் போகும்போதும் கழத்தமாட்டேன்னு அடம் புடிச்ச. இப்பம் அதுல பானைக்கரி. கேட்டா, "பிரேசில் சலிச்சுப் போச்சு தாத்தா"ங்க.

சலிப்பப் பத்தி உனக்கு என்னலே தெரியும்? உங்க ஆச்சி என்னைப் பாத்து அம்பது வருசமாச் சலிச்சுக்கிடுதா. "உங்களக் கட்டி என்னத்தக் கண்டேன்"னு விடிஞ்சா ஒரு தடவ, அடைஞ்சா ஒரு தடவ. ஆனா பொறந்த வீட்டுக்குப் போனா மூணாம் நாள் முதல் பஸ்ஸுக்குத் திரும்பிருவா. அதுக்குப் பேருதாம்லே சலிப்பு. உன்னோடது சலிப்பில்ல, கோவம். கோவத்துல துணியக் கிழிக்கலாம், உறவக் கிழிக்க முடியாது.

கெழவனுக்குப் பந்தாட்டக் கதையெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ டி.வி. முன்னால உக்காந்து கத்தும்போது உறக்கங்கெட்டுக் கெடந்தது நான்தான். கெட்ட உறக்கத்துக்கு வட்டியா நாலு கதையாவது சேத்து வைக்காண்டாமா?

சட்டையத் தூக்கி எறியுதது பிரேசிலுக்கும் புதுசில்ல, கேட்டுக்க. ஆதியில அவுக போட்டது வெள்ளைச் சட்டை. 1950 ஜூலை 16, ரியோவுல மரக்கானா மைதானம். சொந்த மண்ணுல உலகக் கோப்பை. கடைசி ஆட்டம் உருகுவேயோட. டிரா ஆனாப் போதும், கப்பு வீட்டுக்கு வந்துரும். ரெண்டு லட்சம் சனம் நெருக்கியடிச்சு நிக்கு. ஆட்டம் தொடங்குமுன்னயே ஒரு பேப்பர்காரன் "இவுகதான் உலக சாம்பியன்"னு படம் போட்டு அடிச்சு வித்துட்டான். உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா அந்தப் பேப்பர வாங்கிட்டு வந்து தரையில விரிச்சு, தன் ஆளுகள அதும் மேல ஒண்ணுக்கு இருக்கச் சொன்னாருன்னு ஒரு கதை உண்டு. பிரேசில் முதல்ல ஒரு கோல் போட்டுச்சு. அந்தச் சுண்டைக்காய் நாடு ரெண்டு போட்டு முடிச்சுட்டுப் போயிருச்சு. ரெண்டு லட்சம் பேரு இருந்த எடத்துல எழவு வீட்டு அமைதி.

இதுல உனக்கொரு புத்தி: ஆடு கெடையில நிக்கும்போதே அம்மியில மசாலா அரைக்காத. நீயும்தான் கத்தார்ல கால் இறுதி நடந்த அன்னைக்கு, விசில் ஊதுமுன்ன சேக்காளிகளுக்கு புரோட்டா சொல்லிட்டு உக்காந்திருந்த. ஆட்டம் தோத்துச்சு, புரோட்டாக் காசு எங்கிட்டல்லா வந்து நின்னுச்சு!

தோத்தவுக யாரக் குத்தம் சொன்னாக? பாவம், கோல்கீப்பர் பார்போசாவ. அந்த மனுசன் 2000த்துல கண்ண மூடுத வரைக்கும் அந்த ஒரு கோலுக்குப் பழி சுமந்தாரு. பிரேசில் சட்டத்துல எந்தக் குத்தத்துக்கும் கூடின தண்டனை 30 வருசம், எனக்கு மட்டும் 50 வருசமான்னு அவரே நொந்து கேட்டிருக்காரு. மனுசன் போதாதுன்னு சட்டையையும் குத்தஞ் சொன்னாக. வெள்ளைக்கு ராசியில்ல, அதுல நாட்டோட அடையாளமில்லன்னு ஒதுக்கிட்டாக. 1953ல ஒரு பேப்பர்காரவுக போட்டி வச்சாக, கொடியில இருக்க நாலு நெறமும் வாறாப்ல புதுச்சட்டை வரையணும்னு. ஜெயிச்சது அல்திர் ஷ்லீங்க 19 வயசுப் பையன். மஞ்சச் சட்டை, பச்சைக் கரை, நீல டவுசர், வெள்ளைக் காலுறை. இப்பம் நீ கரித்துணியாக்குனது அவன் வரைஞ்சதுதான். இதுல வேடிக்கை என்ன தெரியுமா? அவன் உருகுவே எல்லையோரத்துல பொறந்து வளந்தவன். அவன் மனசு நின்னதெல்லாம் உருகுவே பக்கம்! மாப்பிள்ளைக்குப் பட்டு நெய்ஞ்சவன் எதிர்வீட்டுச் சொந்தக்காரன்.

அந்த மஞ்சள நம்பி 1958ல சுவீடனுக்குப் போனாக. இறுதி ஆட்டத்துல சுவீடனும் மஞ்சள். வேற நெறம் போடுன்னுட்டாக. கையில மாத்துச் சட்டை கெடையாது. ஸ்டாக்ஹோம் கடையில நீலச் சட்டை வாங்கி, மஞ்சச் சட்டையில இருந்த முத்திரையப் பிரிச்செடுத்து இதுல வச்சுத் தச்சாக. நெறம் மாறிப்போச்சேன்னு ஆட்டக்காரவுக முகம் வாடிருச்சு. குழுவோட தலைவரு பாவ்லோ மச்சாதோ ஒரு போடு போட்டாரு பாரு: "நீலம் நம்ம அபரெசிதா மாதா போத்தியிருக்க துணியோட நெறம்லா!" நம்ம ஊரு பூசாரி தோத்தாரு. 5-2ன்னு ஜெயிச்சாக. 17 வயசு பெலே ரெண்டு கோல் போட்டுட்டு அழுதான். கால் ரெண்டும் ஒரே பக்கமா வளைஞ்ச கரிஞ்சா பந்தோட ஓடுனா எதிராளிக்கு எந்தப் பக்கம் போவான்னே தெரியாது. அந்த ரெண்டு பேரும் சேந்து ஆடுன ஒரு ஆட்டத்துலயும் பிரேசில் தோத்ததில்ல.

அந்த வருசம் நெல்சன் ரொத்ரிகேஸ்ங்க எழுத்தாளரு ஒண்ணு சொன்னாரு: நம்ம சனத்துக்குத் தெருநாய் மனசு, உலகத்து முன்னால தானாவே வாலைச் சுருட்டிக்கிடுதோம்னு. அந்த வாலை நிமுத்துனது பந்துதாம்லே. கப்பு கெடைச்சதுனால மட்டும் அந்தக் கூட்டத்து மேல பாசம் வந்துரல. அடிமையா இருந்தவுக வம்சத்துல வந்தவனும் கோணக்காலனும் வெறுங்காலோட தெருவுல ஆடுன ஆட்டத்த, உலகமே எந்திரிச்சு நின்னு கும்பிட்டுச்சு. நாம எப்படி இருக்க ஆசைப்படுதோமோ அப்படி ஒருத்தன் ஆடுனா, அவன் நம்ம பிள்ளை.

நம்பலன்னா ரெண்டு கணக்குச் சொல்லுதேன், நீயே கூட்டிப் பாரு.

1982, ஸ்பெயின். தெலே சந்தானா பயிற்சியாளரு. ஜிக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவோ. சாக்ரடீஸ் டாக்டருக்குப் படிச்சவரு, பொறங்காலாலயே பந்தை ஊசியில நூலு கோக்கத மாதிரி அனுப்புவாரு. இத்தாலியோட டிரா ஆனாப் போதும். 2-2ல நிக்கு. நம்ம ஊரு சம்சாரியா இருந்தா வரப்புல குத்தவச்சுக் காவக் காத்திருப்பான். இவுக இன்னொரு கோலு வேணும்னு போனாக. பாவ்லோ ரோசி மூணாவத அடிச்சு அனுப்பி வச்சுட்டாரு. 3-2, கப்பு கெடையாது. ஆனா இன்னைக்கும் அந்த ஊரு பெருசுக 82ன்னு சொன்னாக் கண்ணத் தொடைக்காக. தெலே சந்தானாவ யாரும் வெரட்டல. அடுத்த உலகக் கோப்பைக்கும் அவரையே கூப்பிட்டாக.

1994, அமெரிக்கா. பரேரா பயிற்சியாளரு, துங்கா கேப்டன். 24 வருசங் கழிச்சுக் கப்பு வந்துச்சு. இறுதி ஆட்டம் 0-0. இத்தாலியோட பாஜியோ பெனால்டிய ஆகாசத்துக்கு அடிச்சாரு, கப்பு இங்க விழுந்துச்சு. ஆனாலும் மொணங்குனாக. கெடைச்சது சரி, இதென்ன ஆட்டம், ரேசன் கடையில அரிசி அளந்த மாதிரின்னு.

பாத்தியா? தோத்தவன் நம்ம பிள்ளை, ஜெயிச்சவன் அடுத்த வீட்டு மாப்பிள்ளை. கப்பை எண்ணிப் பாசம் வைக்கதா இருந்தா கணக்குப்பிள்ளை போதும், ரசிகன் எதுக்கு?

கப்புன்னதும் இதையும் கேளு. மூணு தடவ ஜெயிச்சா ஜூல்ஸ் ரிமே கோப்பை உனக்கே சொந்தம்னு 1970ல பிரேசில் கையில குடுத்துட்டாக. அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சாக. முன்னால குண்டு துளைக்காத கண்ணாடி, பின்னால மரச்சட்டம்! 1983ல திருடன் நோவாம பின்பக்கமாப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டான். இன்னைய வரைக்கும் வரல. அதே கோப்பை 1966ல இங்கிலாந்துல களவு போனப்பம், பிக்கிள்ஸ்னு ஒரு நாயி வேலியோரம் மோந்து கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு. வாலை நிமுத்துன ஊர்ல மோப்பம் புடிக்க ஒரு நாயி இல்லாமப் போச்சு.

சரி, இப்பம் ஏன் சனம் சலிச்சுக்கிடுது? நீ 7-1ன்னு சொல்லுவ. 2014, பெலோ ஓரிசோன்ச்சி, சொந்த மைதானம். 29 நிமிசத்துல ஜெர்மனி அஞ்சு கோல். நீ மூத்திரம் பெஞ்சுட்டு வாறதுக்குள்ள மூணு போயிருச்சுன்னு கதவுல முட்டிக்கிட்டு அழுத. ஆனா அந்தத் தோல்வியையும் அவுக சிரிப்பாக்கிட்டாக. வீட்டுல பாலு பொங்கி வழிஞ்சாலும், பஸ்ஸ விட்டாலும், "ஜெர்மனிக்கு ஒரு கோல்"ங்காக. பெரிய மீசை வச்ச ரசிகரு ஒருத்தரு, கப்போட நகலைக் கட்டிப்புடிச்சு அழுதவரு, கடைசியில அதை ஒரு ஜெர்மன் பிள்ளை கையில குடுத்து நீங்களே கொண்டுபோங்கன்னுட்டாரு. அப்படிக் குடுக்கத் தெரிஞ்ச சனத்துக்கு ஒரு தோல்வியில பாசம் வத்திருமா?

வத்துனது வேற வழியில. 1970ல கப்பு ஜெயிச்ச 22 பேரும் உள்ளூர் கிளப்புல ஆடுனவுக. ஞாயித்துக்கிழமை டிக்கெட் எடுத்தா ஜெயர்சின்யோவப் பாக்கலாம், ரிவெலினோவ வையலாம். 2022ல போன 26 பேருல உள்ளூர்ல ஆடுனது மூணே பேரு. வினிசியுஸுக்கு 16 வயசுல விலை பேசி, 18 ஆனதும் மாட்ரிட்டுக்கு ஏத்துனாக. என்ட்ரிக்குக்கும் அதே கணக்கு. பாலுகுடி மறக்காத கன்னுக்குட்டியச் சந்தைக்கு ஓட்டிட்டா தாய்மாடு யாரைப் பாத்துக் கத்தும்? நட்பு ஆட்டம்னாலும் பல தடவ லண்டன்ல வச்சு ஆடுதாக. உள்ளூர்க்காரனும் உன்ன மாதிரியே டி.வி.யிலதான் பாக்கான். பிள்ளை ஊருக்கு வாறது கொடைக்கு மட்டும்னா, "எப்படா வந்த"ன்னு கேக்கவே தயக்கமா இருக்கும்லா.

ரெண்டாவது, அந்தச் சட்டை. அதைக் கட்சிக்காரவுக எடுத்து மாட்டிக்கிட்டாக. அதிபரா இருந்த பொல்சொனாரோ கூட்டம்னா மஞ்சச் சட்டைன்னு ஆயிப்போச்சு. 2023 சனவரி 8ஆம் தேதி பிரசிலியாவுல நாடாளுமன்றத்துக்குள்ள பூந்து கண்ணாடிய ஒடைச்சவன் ஒடம்புலயும் இதே சட்டை. எதிர்க்கட்சிக்காரன் என்ன செய்வான்? பொட்டிக்குள்ள மடக்கி வச்சுட்டான். ஊருப் பொதுக்கிணத்துல ஒருத்தன் மட்டும் வாளி கட்டிட்டா மத்தவனுக்குத் தாகம் இருந்தும் என்ன?

மூணாவது, உருளல். 2018ல நெய்மாரை ஒருத்தன் தொட்டா, ஆளு மைதானத்துல பாய் சுருட்டுத மாதிரி உருண்டாரு. ஊரெல்லாம் பிள்ளைக அதைப் பாத்து உருண்டு விளையாடுச்சு. திறமை இருக்கவன் தோத்தாத் தாங்கலாம், சிரிப்பாச் சிரிச்சாத் தாங்க முடியாது.

2002க்குப் பொறவு பிரான்சு, நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், குரோவேசியான்னு அஞ்சு உலகக் கோப்பையில வரிசையா ஐரோப்பாக்காரன்தான் அனுப்பி வச்சான். 2025 மார்ச்சுல அர்ஜென்டினா 4-1ன்னு வெளுத்துச்சு. உடனே பயிற்சியாளர மாத்தி, இத்தாலிக்காரரு ஆஞ்செலொட்டியக் கூட்டியாந்தாக. 82ல அழவச்ச ஊருக்காரன்கிட்டயே வைத்தியத்துக்குப் போனாக பாத்தியா! நோவு முத்துனா மானம் பாக்கக் கூடாதுன்னு அவுகளுக்குத் தெரியுது.

நீ என்ன நினைக்கன்னு எனக்குத் தெரியும். நீலமும் வெள்ளையுமா வரி போட்ட சட்டை ஒண்ணுக்குச் செல்லுல விலை பாத்துக்கிட்டிருக்க. தாராளமா வாங்கு, யாரு தடுத்தா? ஆனா அந்த வீட்டுக் கூரையும் 1986லருந்து 2022 வரைக்கும் 36 வருசம் ஒழுகத்தான் செஞ்சுது. மெஸ்ஸிய "இவன் மரடோனா இல்ல"ன்னு சொந்தச் சனமே வஞ்சுச்சு. 2016ல அவரே மனம் வெறுத்து இனி ஆட மாட்டேன்னு கெளம்பிட்டாரு. அப்பம் சட்டையக் கரித்துணியாக்காம வச்சிருந்தவனுக்குத்தான் கத்தார்ல அழுகதுக்கு உரிமை வந்துச்சு. மழை விட்ட பொறவு குடை புடிச்சிட்டு வாறவனுக்கு நனைஞ்ச கதை எப்படிலே தெரியும்?

அதனால வையி. நல்லா வையி. ஆட்டம் சரியில்லன்னா டி.வி.ய அமத்திட்டுப் படுத்துரு, எனக்கும் உறக்கம் மிச்சம். ஆனா சட்டைய மட்டும் அடுப்படிக்கு அனுப்பாத. சோப்பு போட்டு ரெண்டு கசக்கு, கொடியில காயப்போடு. கரி முழுசாப் போவாது, போவாண்டாம். புதுச்சட்டை போட்டவன் வேடிக்கை பாக்க வந்தவன், கறை புடிச்ச சட்டைக்காரன்தான் ஊருக்காரன்.

ஆச்சி கரித்துணி கேட்டா, என் பழைய வேட்டியக் கிழிச்சுக் குடு. அவளுக்கும் அம்பது வருசச் சலிப்பு கொஞ்சம் ஆறும்.