காத்துக்கிட்டக் கேட்டுட்டுக் கெளம்பு

வாடா பேராண்டி. சைக்கிளைச் செவத்துல சாத்தாதே, வெள்ளையடிச்ச ஈரம் இன்னும் காயலே. அப்பத்தா பாத்தான்னா உனக்குக் காப்பி கெடையாது, எனக்குச் சோறு கெடையாது. திண்ணையில படுக்கப் போடு. என்ன, ஸ்டாண்டு இல்லியா? மக்கார்டு இல்லே, கேரியர் இல்லே, பெல்லும் இல்லே. ஹேண்டில்பாரு மட்டும் கெடாக்கொம்பு மாதிரி வளைஞ்சு நிக்குது. இம்புட்டையும் கழட்டி வச்சுக்கிட்டு உங்கிட்ட ஒண்ணேமுக்கால் லட்சம் வாங்கியிருக்கான்னா வித்தவன் கெட்டிக்காரன். அவனுக்கு நம்ம தங்கச்சிமடத்துல ஒரு பொண்ணு பாக்கலாம்.

பழைய ரயில் பாதையில ஓட்டணும்னு வந்திருக்கே. நல்ல ஆசைதான். அயர்லாந்துக்காரன் வீடியோவை நேத்து ராத்திரி காட்டினியே, பாத்தேன். வாட்டர்ஃபோர்டுல இருந்து டங்கார்வன் வரைக்கும் 46 கிலோமீட்டர். ரயிலு நின்னுபோன பாதையை 2017ல சைக்கிள் பாதையா ஆக்கித் தொறந்துட்டான். சொரங்கம் வருது, கல்லுப்பாலம் வருது, கடலும் வருது. ஒரு கெழவி நெத்தியில வேர்வை பூக்காம மிதிச்சுக்கிட்டுப் போறா. நியூசிலாந்துல ஒட்டாகோன்னு ஒரு எடத்துல 152 கிலோமீட்டருக்கு இதே கதை, அதை 2000லேயே தொறந்துட்டான்னு நீதான் சொன்னே.

அந்தக் கெழவி நோகாம மிதிக்கிறது கால் பலத்துல இல்லேடா. ரயில்வேயில கேங்மேன் வேலை பாத்துக் கூன் விழுந்தவன் சொல்றேன், கேட்டுக்க. நீராவி எஞ்சினுக்கு ஏத்தம் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல வழுக்கிரும். அதனால பாதை போடுறவன் நூறடி ஓடினா ஓரடிக்கு மேல ஏறக்கூடாதுன்னு தலைகீழா நின்னு பாப்பான். மேடு வந்தா வெட்டுவான், பள்ளம் வந்தா மண்ணைக் கொட்டி ரொப்புவான். வளைவைக்கூடச் சட்டுனு வளைக்க மாட்டான். ரயிலு போயிருச்சு, மட்டம் அப்படியே கெடக்கு. எஞ்சினுக்காகக் கூலிக்காரன் முதுகொடிச்ச எடத்துல இன்னைக்கு நீங்க சொகமா உருட்டுறீங்க. உருட்டுங்க, வேண்டாங்கலே.

ஆனா தண்டவாளத்தைப் பிடுங்கிட்டா மட்டும் பாதை ஆயிராது. கீழே கருங்கல் ஜல்லி கெடக்கும், ஒவ்வொண்ணுக்கும் முனை முனையா. முனை இருந்தாத்தான் ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு சிலிப்பர் கட்டையை நகர விடாது. கட்டையைக் கவ்வுற கல்லு உன் டயரைக் கொஞ்சுமா? அவங்க ஊர்ல அதை வாரிட்டோ, மேல பொடிக்கல்லைப் பரப்பி ரோலர் விட்டோதான் சைக்கிளை விடுறான். ஜல்லியில ஓடுற சைக்கிள்னு விளம்பரத்துல போட்டிருக்கேன்னு சொல்லாதே. அந்த ஜல்லி வேற, ரயில்வே ஜல்லி வேற.

சரி, நீ போகணுங்கிற பாதைக்கு வருவோம். பாம்பன்ல பிரிஞ்சு தனுஷ்கோடிக்குப் போன பாதை. அதை நிறுத்தினது நஷ்டக் கணக்குப் பாத்த ஆபீசர் இல்லே, கடல். 1914ல பாம்பன் பாலம் தொறந்ததும் மதராசுல ரயில் ஏறினவன் தனுஷ்கோடியில எறங்கி, கப்பல்ல தலைமன்னார் போயி, அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேருவான். போட் மெயிலுன்னு பேரு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்துச்சு. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ஊரைத் தொடப்போற நேரத்துல அலை எடுத்துக்கிச்சு. உள்ளே இருந்தவங்கள்ல ஒருத்தரும் மிஞ்சலே. பாம்பன் பாலத்துக் கர்டரையும் பிடுங்கி எறிஞ்சிருச்சு. அதை ஸ்ரீதரன்னு ஒரு எஞ்சினீயர் 46 நாள்ல நிமித்திட்டார், பின்னால டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான். பாலம் மீண்டுச்சு, தனுஷ்கோடிப் பாதை மீளலே. மணலு ஏறி மூடிருச்சு. அதனால மேப்புல கோடு தெரியுதுன்னு போனை எங்கிட்ட நீட்டாதே. கோடு போட்டவன் வெயில்ல அந்த மணல்ல நடந்து பாத்திருக்க மாட்டான்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. அயர்லாந்துக்காரன் தொறந்த அதே 2017ல நமக்கும் முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துருச்சு. அதுக்கு முந்தி வேன்காரன் டயர்ல காத்தைக் குறைச்சுக்கிட்டு தண்ணியிலயும் மணல்லயும் ஆட்டி ஆட்டிக் கூட்டிட்டுப் போவான். ஏறினவன் தின்ன இட்லி எந்த ஓட்டல் இட்லின்னு பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிரும்.

ராமேஸ்வரத்துல இருந்து முனை வரைக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஏத்தம்னு ஒண்ணு கெடையாது. அதை நம்பித்தான் உன்னை மாதிரிப் பயலுக ஏமாறுறீங்க. ஏத்தம்னா கண்ணுக்குத் தெரியும், காத்து தெரியாது. பழைய பாம்பன் பாலத்துல காத்தளக்கிற கருவி ஒண்ணு வச்சிருந்தான். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டுச்சுன்னா சிக்னல் விழாது, ரயிலு நிக்கும். அம்புட்டு டன்னு இரும்பே நின்னு யோசிக்கிற ஊர்ல, பத்துக் கிலோ சைக்கிளை வச்சுக்கிட்டு நீ ஆவரேஜ் ஸ்பீடு பேசுறே.

கச்சான் காத்து மேக்கே இருந்து வரும். முனைக்குப் போறப்ப முதுகைத் தள்ளும். நீயும் என்னமோ போன மாசம் தின்ன புரோட்டீன் மாவுதான் வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டுப் பறப்பே. செல்ஃபி எடுப்பே, மாங்காய் தின்பே, சைக்கிளைத் திருப்புவே. அப்பத்தான் உனக்குக் கணக்குப் புரியும். நடந்து போற ஆடு உன்னைத் தாண்டிப் போயித் திரும்பிப் பாக்கும். வாடைக் காலத்துல இந்த வம்பு இல்லே, போறப்பவும் வரப்பவும் விலாவுல இடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால காலையில செக்போஸ்ட்டுல விட்டதும் கெளம்பிரு, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிரு. சாயந்தரமா போயி நட்சத்திரம் பாக்கலாம்னு கனாக் காணாதே, இருட்டினா அங்கே யாரையும் விடமாட்டாங்க.

ரோட்டை விட்டு எறங்கணும்னு உனக்கு அரிக்கும், அதுக்குத்தானே இந்த அகல டயரு. போறப்ப எடது கைப்பக்கம் பெண்கடல், வலது கைப்பக்கம் ஆண்கடல். சாதுவா இருக்கேன்னு பெண்கடல் பக்கம் தண்ணி தேங்கின எடத்துல விட்டேன்னு வையி, மேல வெள்ளை மணலு, கீழே உளை. சக்கரம் பாதி போயி நிக்கும், நீ முழுசாப் போயி விழுவே. ஓட்டுறதுன்னா அலை வந்து நனைச்சிட்டுப் போன ஓரத்துல ஓட்டு, அங்கேதான் மணலு இறுகிக் கெடக்கும். மேல வறண்ட மணல்ல உன் 45 மில்லிமீட்டர் டயரு செல்லாது. வேன்காரன் செஞ்சதைச் செய், காத்தை இறக்கு. ரோட்டுக்கு வந்ததும் அடிக்கிறதுக்குப் பம்பு வச்சிருக்கியா? இல்லியா? சபாஷ். உடைமரத்து முள்ளு ஒண்ணு ஏறுச்சுன்னா டயருக்குள்ளே ஊத்தியிருக்கிற பாலு அடைச்சுக்கும்னு கடைக்காரன் சொன்னானா? அவன் உடைமுள்ளைப் பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். வெரல் நீளத்துக்கு வெள்ளையா, ஊசி தோத்துப்போகும். வேணும்னா நெழலுக்காக அந்த மரத்தடியில சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்திப் பாரு.

ஒண்ணு கவனம். கரைவலை இழுக்கிற நேரத்துல போயிட்டேன்னா கரையை மறிச்சுக்கிட்டு ரெண்டு எடத்துல கயிறு கெடக்கும். ஒரு கயிறுக்கும் இன்னொரு கயிறுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கும். வலை கிட்ட வர வர, கயிறு இழுக்கிற ரெண்டு கூட்டமும் பக்கத்துல பக்கத்துல நகர்ந்து வருவாங்க. பின்பக்கமா சாஞ்சு, குதிகாலை மணல்ல ஊன்றி, ஒருத்தன் சொல்ல எல்லாரும் ஒண்ணாச் சொல்லி இழுப்பாங்க. கயித்து மேல சைக்கிளை ஏத்திராதே. எறங்கு, செருப்பைக் கழட்டு, கடைசியில போயி நின்னு நீயும் பிடி. ஜிம்முல இழுக்க மாசாமாசம் நீ காசு கட்டுறே, இங்கே இழுத்தா உனக்குச் சாளை மீன் கெடைக்கும்.

தனுஷ்கோடியில சர்ச்சு ஒண்ணு இடிஞ்சு நிக்கும், பாத்திருப்பே. பவளக்கல்லுல கட்டின செவரு. அதுல சைக்கிளைச் சாத்திப் படம் எடுக்காதே. வெள்ளையடிச்ச என் செவத்துக்குக் கோவப்பட ஒரு அப்பத்தாதான், அதுக்குக் கோவப்பட ஒரு ஊரே அடியில கெடக்கு. பூநாரை நிக்கிற பக்கமும் உருட்டிக்கிட்டுப் போகாதே. 2025ல அங்கே சரணாலயம்னு அறிவிச்சிருக்கு. பறவை உன்னை மன்னிச்சாலும் வனத்துறை மன்னிக்காது.

தண்ணி பாட்டிலு ரெண்டு எடுத்துக்க. தீந்துருச்சுன்னா அங்கே குடிசை போட்டிருக்கிறவங்ககிட்ட மரியாதையாக் கேளு. ரெண்டு பக்கமும் உப்புக் கடலு, நடுவுல கையால மணலைத் தோண்டி நல்ல தண்ணி எடுக்குறவங்க அவங்க. குடிச்சிட்டு கடையில நாலு மீன் வறுவல் வாங்கித் தின்னு, பேரம் பேசாதே. ஒண்ணேமுக்கால் லட்சத்துக்குப் பேரம் பேசாதவன் நாப்பது ரூவாய்க்கு வாயைத் தொறக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் உப்பைக் கழுவிரு. இல்லேன்னா அந்தச் சங்கிலி துருவேறி, நாலு நாள்ல பேச ஆரம்பிச்சிரும். வாசல்ல இருக்கிற குடத்துல கைய வைக்காதே, அது காசு குடுத்து வாங்கின குடிதண்ணி. பின்னால தொட்டியில இருந்து எடு. சங்கிலிக்கு எண்ணெய் போடுறேன்னு அடுப்படிக்குள்ளயும் போயிராதே. உங்கப்பன் சின்னதுல அவன் சைக்கிளுக்கு அப்பத்தாவோட நல்லெண்ணெயை எடுத்துப் போட்டுட்டான். அந்த விசாரணை இன்னும் முடியலே, இப்பவும் நான்தான் சாட்சி.