அறுக்கப் போனவனுக்கு ஆறிப்போச்சு

காட்டுப்பள்ளிக் கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், தலைக்கு மேல் துறைமுகக் கிரேன்கள். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழலில் தாத்தா கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். துறைமுகத்தில் ஒப்பந்தக் காவலாளியாக வேலை பார்க்கும் பேரன் மணலில் தத்தித் தத்தி வருகிறான்.

தாத்தா: இன்னாடா, மீன் திருட வர்ற பூனை மாதிரி முன்னங்கால்லயே நடந்து வர்றே?

பேரன்: கிண்டல் பண்ணாத தாத்தா. குதிகாலுக்கு மேல ஒரு நரம்பு கீதே, அது நாலு மாசமா உயிரை வாங்குது. காலைல எழுந்து பத்தடி வெக்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடுது. நடக்க நடக்க கொஞ்சம் விடும். சாயங்காலம் திரும்பப் பிடிச்சுக்கும்.

தாத்தா: அது நரம்பு இல்லடா. கெண்டைச்சதையைக் கொண்டாந்து குதிகால் எலும்புல கட்டி வெச்ச வடம். உடம்புலயே தடிமனான வடம் அதுதான். அத்த எப்படிடா பழுதாக்கினே?

பேரன்: போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடினேன். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும்.

தாத்தா: அதுக்கு முன்னாடி எவ்ளோ ஓடுவ?

பேரன்: எங்க ஓடறது? கேட்டுல பன்னெண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. அறிவிப்பு வந்துச்சு, மறுநாளே வெறுங்கால்ல இந்த மணல்ல அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன். ஒரு வாரம் விடாம.

தாத்தா: ஒரு வருஷம் மூலையில கிடந்த கயித்தை எடுத்து, புயல் அன்னிக்கு நங்கூரத்துல கட்டினியாக்கும். சரி, இன்னா வைத்தியம் பண்ணே?

பேரன்: (முகம் மலர்ந்து) அதைக் கேளு! முதல்ல ரெண்டு மாசம் சுத்தமா ரெஸ்ட். வலி போயே போச்சு.

தாத்தா: அப்புறம்?

பேரன்: எழுந்தேன். வந்துடுச்சு.

தாத்தா: படுத்தா போயிடும், எழுந்தா வரும். நல்ல வைத்தியம்டா. ஆயுசுக்கும் படுத்துக்கினா ஆயுசுக்கும் வலியே கிடையாது.

பேரன்: அப்புறம் ஆறாயிரம் ரூபாய்க்கு ஷூ. அடியில காத்து அடைச்சிருக்கான்.

தாத்தா: என் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் அடைக்க காசு இல்ல, உன் செருப்புக்குக் காத்தா?

பேரன்: அப்புறம் மசாஜ் துப்பாக்கி. டர்ருனு அதிரும். அடுத்து ஒரு பட்டை, ஒரு களிம்பு, வெந்நீர்ல கல்லுப்பு போட்டு முக்கறது...

தாத்தா: நாப்பது வருஷமா முழங்கால் அளவு உப்புத் தண்ணியில நின்னவன்டா நானு. உப்புல வலி போவும்னா இந்தக் குப்பத்துல ஒருத்தனுக்கும் மூட்டுவலி இருக்கக் கூடாதே.

பேரன்: ஆந்திராவுக்குப் போய் புத்தூர் கட்டு போட்டுக்கலாமான்னு கூட நினைச்சேன்.

தாத்தா: அது முறிஞ்ச எலும்புக்குடா. உனக்கு இன்னா முறிஞ்சுது?

பேரன்: மனசு.

தாத்தா: அதுக்குக் கட்டு இல்ல. மேல சொல்லு.

பேரன்: டவுன்ல ஒரு கிளினிக்ல ஸ்டீராய்டு ஊசி போட்டான். ஒரு மாசம் ராஜா மாதிரி நடந்தேன். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு. திரும்பப் போனா, அந்த ஊசியை இந்த வடத்துல போட்டா அறுந்து போனாலும் போவும்னு அப்பதான் சொல்றான். போடறதுக்கு முன்னாடி சொல்லலை.

தாத்தா: பில்லு வாங்கறதுக்கு முன்னாடி எவன்டா சொல்லுவான்?

பேரன்: அங்கயே ஸ்கேனும் எடுத்தாங்க தாத்தா. வடம் தடிச்சு வீங்கியிருக்காம். சாதாரணத்தை விட ரெண்டு மடங்கு.

தாத்தா: ரெண்டு மடங்குக்கே ஸ்கேன் எடுத்துட்டானா? அதோ நிக்குது பாரு துறைமுகம். 330 ஏக்கரா இருந்ததை 6,100 ஏக்கருக்கு மேல வீங்க வெக்கணும்னு பிளான் போட்டாங்க. அதுக்கு எவனும் ஸ்கேன் எடுக்கலை. கருத்துக் கேட்புக் கூட்டம்னு 2021 ஜனவரியில தேதி வெச்சான், தள்ளிப் போட்டான். 2023 செப்டம்பர்ல திரும்ப வெச்சான், அதையும் தள்ளிப் போட்டான். உன் வீக்கத்துக்காவது ஒரு டாக்டர் உக்காந்து பார்த்தாரு.

பேரன்: நீ எதை எடுத்தாலும் அங்க கொண்டு போய் முட்டுவ. இந்த வடத்துக்குப் பேரு தெரியுமா உனக்கு? அக்கிலிஸ். கிரேக்க வீரன். அவங்கம்மா அவனை ஒரு தெய்வ ஆத்துல முக்கி எடுத்தாளாம். உடம்பு முழுக்க இரும்பாயிடுச்சு. பிடிச்சிருந்த குதிகால்ல மட்டும் தண்ணி படல. அங்கயே அம்பு பட்டு செத்தான்.

தாத்தா: நல்லவேளை அவ நம்ம ஊருக்கு வரல. அனல்மின் நிலையத்துச் சாம்பலும், 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணூர்ப் பக்கம் மிதந்த எண்ணெயும் பட்ட கொசஸ்தலை ஆத்துல அவனை முக்கியிருந்தா, குதிகால் மட்டும்தான்டா தப்பிச்சிருக்கும்.

பேரன்: இப்ப கடைசியா ஒண்ணு சொல்லிக்கினு இருக்காங்க. என் ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி, சத்தை மட்டும் பிரிச்சு, திரும்ப என் கால்லயே ஏத்துவாங்களாம். பதினஞ்சாயிரம்.

தாத்தா: ஏலத்துல நம்ம நண்டையே எடுத்து, ஐஸ் வெச்சு, நமக்கே நாலு மடங்குக்கு வித்த கதையால்ல கீது?

பேரன்: அதெல்லாம் விஞ்ஞானம்.

தாத்தா: இருக்கட்டும். எனக்கு மூணு வருஷம் முன்னாடி இதே வலி. மணல்ல படகு தள்ளும்போது வந்துச்சு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல கவர்மெண்டு ஆரம்பிச்சாங்களே, அதுல ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்துச்சு. உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற பொண்ணு. என்னைப் படி விளிம்புல முன்பாதத்தால நிக்கச் சொல்லிச்சு. ரெண்டு காலாலயும் எம்பணும். எம்பினப்புறம் நல்ல காலைத் தூக்கிட்டு, வலிக்கிற கால் மேலயே பாரத்தைப் போட்டு மெதுவா, மெ...து...வா குதிகாலைப் படிக்குக் கீழ இறக்கணும். அவ்ளோதான்.

பேரன்: அவ்ளோதானா?

தாத்தா: அவ்ளோதான்.

பேரன்: ஊசி?

தாத்தா: இல்ல.

பேரன்: மாத்திரை? மெஷின்? ஒரு களிம்பு கூடவா இல்ல?

தாத்தா: படிக்கட்டு ஒண்ணு.

பேரன்: எவ்ளோ வாங்கிச்சு?

தாத்தா: ஒரு டம்ளர் மோர் குடிச்சுது.

பேரன்: போ தாத்தா. காசு வாங்காத வைத்தியம் வைத்தியமா? வலிக்கிற கால்லயே பாரம் போடறதாம்! ஏதோ கிராமத்து மூடநம்பிக்கை.

(இந்த இடத்தில் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தா வலைக்குத் திரும்பினார். பேரன் போனுக்குத் திரும்பினான். கால் மணி நேரம் கழித்து, படகுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.)

பேரன்: தாத்தா! ஸ்வீடன்ல கண்டுபிடிச்சிருக்காங்க! ஹோகன் ஆல்ஃப்ரெட்சன்னு ஒரு எலும்பு டாக்டர். 1998-ல கட்டுரை போட்டிருக்காரு. படி விளிம்புல நின்னு, வலிக்கிற கால் மேல பாரம் போட்டு, குதிகாலை மெதுவா இறக்கணுமாம்!

தாத்தா: அப்படியா! எனக்குத் தெரியாம போச்சே.

பேரன்: கதையைக் கேளு. அவருக்கே இந்த வலி இருந்துச்சாம். ஆபரேஷன் பண்ணுங்கன்னு மேலதிகாரி டாக்டர்கிட்ட கெஞ்சியிருக்காரு. உனக்காக லீவு குடுத்து ஆள் இல்லாம நான் அவதிப்படணுமான்னு அவரு மறுத்துட்டாரு. சரி, வடத்தை நானே அறுத்துக்கறேன், அறுந்தா ஆபரேஷன் பண்ணித்தானே ஆவணும்னு, வலிக்க வலிக்க பாரம் போட்டு இறக்கியிருக்காரு. அறுக்கப் பார்த்தாரு. வலி போயிடுச்சு!

தாத்தா: அறுக்கப் போனவனுக்கு ஆறிப்போச்சு. முதலாளி லீவு குடுக்காததுல உலகத்துல ஒரே ஒரு நன்மை நடந்திருக்கு. அத்த உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாத.

பேரன்: அந்த ரத்த ஊசியையும் தேடிப் பார்த்தேன். 2010-ல டச்சுக்காரங்க 54 பேருக்குப் பரிசோதிச்சிருக்காங்க. பாதிப் பேருக்கு ரத்தச் சத்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. எல்லாரும் இந்தப் படிப் பயிற்சியும் பண்ணாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் இல்லியாம்.

தாத்தா: டச்சுக்காரனா? நம்ம பழவேற்காட்டுல 1613-ல கோட்டை கட்டினானே, அவனா? கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வெச்சானே?

பேரன்: அவன் பேரப்புள்ளைங்க.

தாத்தா: அந்த எலும்புக்கூட்டுக்கு கால்ல வடம் கிடையாது. அதான் இத்தினி வருஷமா நின்னுக்கினே கீது, ஒரு நாளும் குதிகால் வலின்னு சொன்னதில்ல. சரி, இப்ப ஸ்வீடன்காரன் சொல்லிட்டான். எழுந்து படகு மேல ஏறு.

பேரன்: இரு, கணக்கு பார்க்கறேன். ஒரு தடவைக்குப் பதினஞ்சு, அப்படி மூணு சுத்து. முட்டியை நேரா வெச்சு ஒருக்கா, கொஞ்சம் மடக்கி ஒருக்கா. காலைல, சாயங்காலம். மொத்தம்... ஒரு நாளைக்கு 180! ஞாயிறும் லீவு இல்ல. 12 வாரம்!

தாத்தா: ஆமா.

பேரன்: 12 வாரமா? வேற ஷார்ட்கட்டு?

தாத்தா: பழவேற்காட்டுல பாடு எப்படி நடக்குது? குப்பத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு நாள், உன் முறை வர்ற வரைக்கும் கரையில உக்காரணும். அவசரமா கீதுன்னு எவன் முறையிலயாவது வலை போட்டியானா ஊர் கூடிரும். அந்த வடத்துக்கு ரத்தம் கம்மியாதான் போவுது. அது தன்னைத்தானே பின்னிக்கணும், இதோ நான் பின்னறேனே இப்படி, ஒவ்வொரு கண்ணா. நீ நாலு மாசமா எல்லார் முறையிலயும் வலை போட்டுப் பார்த்துட்ட. இப்ப உன் முறையில நில்லு.

பேரன்: வலிச்சா?

தாத்தா: வலிக்கும். அந்தப் பொண்ணு எனக்கு ஒரு கணக்கு சொல்லிச்சு. பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலிச்சா பரவால்ல, பண்ணு. மறுநாள் காலைல அது பழைய நிலைக்கு வந்துடணும். வரலைன்னா பாரத்தைக் குறை. வலி தெரியாம போனப்புறம் முதுகுல பையை மாட்டி மணலைப் போட்டுக்கோ, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. இன்னொண்ணு: எலும்போட ஒட்டற அடிமட்டத்துல வலியா, ரெண்டு விரல் மேலயா?

பேரன்: மேல. மூணு விரல் மேல.

தாத்தா: அப்ப படி விளிம்பு. அடிமட்டத்துல வலின்னா கீழ இறக்கக் கூடாது, சமதரையிலயே பண்ணணும்னு சொன்னிச்சு. நீயா எதையும் மாத்தாத, ஒருக்கா அந்தப் பொண்ணைப் பார்த்துக் காட்டிட்டு ஆரம்பி. எவனோ பின்னாலேர்ந்து உதைச்ச மாதிரி பட்டுனு ஒரு சத்தம் கேட்டு, கெண்டைச்சதையை அமுக்கினா பாதம் அசையலைன்னா, அது அறுந்துடுச்சு. அன்னிக்கு தாத்தாவைத் தேடாத, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பேரன்: எப்படி ஓடறது?

தாத்தா: ஆட்டோல ஓடு. ஆமா, நடுவுல வயிறு சரியில்லன்னு ஏதாச்சும் மாத்திரை முழுங்கினியா?

பேரன்: சிப்ரோஃப்ளாக்சசின். அஞ்சு நாள். ஏன்?

தாத்தா: அந்த வகை மாத்திரை இந்த வடத்தைப் பலவீனமாக்கும்னு டாக்டருங்களுக்கே எச்சரிக்கை கீதுன்னு சொன்னிச்சு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட கால் வலியையும் சேத்துச் சொல்லு, வயித்தை மட்டும் காட்டாத.

பேரன்: சரி தாத்தா, ஓட்டத் தேர்வு இன்னும் எட்டு வாரத்துல.

தாத்தா: அப்ப அடுத்த வருஷத் தேர்வுக்கு ஓடு. கடல்ல மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் இருக்கே, விசைப்படகுக்காரன் சும்மா இல்ல? மீனுக்கே ரெண்டு மாசம் குடுக்கறோம்.

பேரன்: (படகு விளிம்பில் ஏறி நிற்கிறான்) இப்படியா?

தாத்தா: முன்பாதம் விளிம்புல. எம்பு. நல்ல காலைத் தூக்கு. இறக்கு... டேய், அது இறக்கறதா? மூட்டை போடற மாதிரி போடறே. மூணு எண்ணறதுக்குள்ள இறங்கக் கூடாது.

பேரன்: ஆ... ஒண்ணு. தாத்தா, உண்மையிலயே காசு வேணாமா உனக்கு? சும்மா பண்ணா எனக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது.

தாத்தா: தெரியும்டா. அதுக்குதான் ஃபீஸ் வெச்சிருக்கேன். ஒரு தடவைக்கு ஒரு ரூபா. நாளைக்கு 180 ரூபா.

பேரன்: 180-ஆ! தாத்தா, பேரன்னு பார்த்து கொஞ்சம் குறைச்சுக்க மாட்டியா?

தாத்தா: இப்ப நம்பிக்கை வந்துடுச்சு பாரு. ரெண்டு...