தடுப்பாளர்

பழைய வீட்டைப் புரமோட்டரிடம் கொடுத்துவிட்டு, அதே மனையில் ஒரு ஃபிளாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்ட குடும்பத் தலைவர்களில் ஒரு வகையினர் தடுப்பாளர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பரவலாகக் காணப்படுவர். வயது 55-க்கு மேல். கையில் எந்நேரமும் இன்ச் டேப். பத்திரம் பதிவாகும்வரை ‘ஓப்பன் கிச்சன்’ என்று நாலு பேரிடம் பெருமை பேசுவார். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் அதை மூட வழி தேடுவார்.

காரணம் இவர் பிறந்த வீட்டில் இருக்கிறது. அங்கே திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று ஒரு வரிசை உண்டு. வந்தவர் எதுவரை வந்தார் என்பதிலேயே அவருடைய அந்தஸ்து தெரிந்துவிடும். தபால்காரருக்குத் திண்ணை, கணக்குப்பிள்ளைக்கு ரேழி, சம்பந்திக்குக் கூடம். மடி இல்லாமல் வீட்டுப் பிள்ளைகளே அடுக்களைக்குள் நுழைய முடியாது. புது ஃபிளாட்டிலோ கூரியர் பையன் வாசலில் நின்றபடியே அன்றைக்கு என்ன குழம்பு என்று கண்டுபிடித்துவிடுகிறான்.

நெடி இரண்டாவது காரணம். சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில்தான் வரவேண்டும் என்று பிளான் போடும்போது அடம்பிடித்தவர் இவரே. சென்னையில் பிற்பகல் கடற்காற்று வீசுவதும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான். வாஸ்து சாஸ்திரமும் வங்காள விரிகுடாவும் கூட்டுச் சேர்ந்து, மிளகாய் வற்றல் தாளித்த நெடியை நேரே ஹால் சோபாவில் கொண்டுவந்து சேர்க்கின்றன. சிம்னி சத்தம் போடும், அதோடு சரி.

தடுப்பு முயற்சி துணியில் தொடங்கும். ரங்கநாதன் தெருவில் வாங்கிய திரை இரண்டே வாரத்தில் கைதுடைக்கும் துணியாகி, ஓரம் மஞ்சளாகும். அடுப்புக்குப் பக்கத்தில் துணி ஆகாது என்று சிலிண்டர் கொண்டுவருபவர் எச்சரித்ததும் இறங்கிவிடும். அந்த இடத்துக்குப் பாசிமணிச் சரங்கள் வரும். சாம்பார்ப் பாத்திரத்தோடு அவற்றைக் கடப்பவர் நாலு சரங்களைத் தலையிலும் ஒன்றைச் சாம்பாரிலும் சுமந்து ஹாலை அடைவார்.

அடுத்து சாமான்கள். ஃப்ரிட்ஜ் குறுக்கே நகரும்; ஹாலைப் பார்க்கும் அதன் முதுகை மறைக்க ஒரு காலண்டர். பிறகு இரு பக்கமும் திறந்த புத்தக அலமாரி. ஹால் பக்கத்திலிருந்து புத்தகங்களும் சமையலறைப் பக்கத்திலிருந்து ஜாடிகளும் முன்னேறும். ஆறு மாதத்தில் ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் நடுவே ஆவக்காய் குடியேறியிருக்கும்.

நவராத்திரி இவருக்குப் பொற்காலம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்பது படி கட்டி, வடக்கு மாட வீதியில் வாங்கிய பொம்மைகளை நிறுத்திவிட்டால் கூரியர் பையனுக்குத் தசாவதாரம்தான் தெரியும், குழம்பு தெரியாது. கொலு எடுக்கும் நாளில் உண்மையிலேயே துக்கப்படும் ஆண்பிள்ளை ஊரில் இவர் ஒருவரே.

அதன்பிறகு தச்சர் வருவார். மர ஜாலி போட்டால் ஓட்டைக்கு ஓட்டை எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். கண்ணாடி ஸ்லைடிங் கதவு போட்டால் தண்டவாளத்தில் ரவை விழுந்து, பாதி வழியில் நிற்கும்.

எல்லாத் தடுப்புகளும் தோற்பதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. மாமிக்கு ஓப்பன் கிச்சன் பிடித்திருக்கிறது. அடுப்படியில் நின்றால் டிவி தெரிகிறது. “ஏன்னா, இது இங்க எதுக்கு? எனக்கு ஒண்ணுமே தெரியலை” என்ற ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஃப்ரிட்ஜ் தினம் ஓர் அங்குலம் சுவரை நோக்கி நகரும். திரை ஒதுங்கியே கிடக்கும். கதவு பாதி வழியில் நின்றதும் ரவையால் மட்டும் அல்ல.

அடுப்படியில் நிற்பவருக்கு என்ன தெரியவேண்டும் என்ற கேள்வி புதிதல்ல. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். அதைத் தனி அறையாகவே வைத்து, கூடத்துக்கு ஒரு ஸ்லைடிங் கதவு கொடுத்தார். சமைத்துக்கொண்டே குழந்தைகளைக் கவனிக்கலாம். தடுப்பாளர் யோசித்ததெல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடிதான்.

கடைசிக் கட்டம் கொத்தனார். நாலரை இன்ச் சுவர், அதில் காபி டம்ளர் கைமாற ஒரு ஜன்னல் என்று உடன்படிக்கை ஆகும். ஜன்னல் எங்கே வரவேண்டும் என்பதை வாஸ்துவும் சொல்வதில்லை, கொத்தனாரும் சொல்வதில்லை. மாமி கரண்டியோடு அடுப்பு முன் நின்று, எதிரே சீரியல் ஓடவிட்டு, “இன்னும் கொஞ்சம் இந்தண்டை” என்பார். கொத்தனார் நூலை நகர்த்துவார். இன்ச் டேப் அப்போது மாமியின் கையில் இருக்கும்.